மரத்துக்கு ஷிஃப்ட் தெரியாது

போன வருடம் நாள் பார்த்துப் பறித்தோம்.
செப்டம்பர் ஒன்பது.
மறுநாள் சிக்வே ஹெலிகாப்டர் ஏறவேண்டும்,
கடல் நடுவே எண்ணெய் மேடைக்கு.
நான் இருக்கும்போதே பறித்துவிடலாம் என்றான்.
சரி என்றேன்.
ஏணி இருவர் வேலை.

வெட்டினால் விதை வெள்ளை.
கடித்தால் பல்லில் சாக்கட்டி.
நிலவறையில் ஒரு மாதம் வைத்தும் இனிக்கவில்லை,
தோல் மட்டும் சுருங்கியது.
நான்கு பெட்டி.
கடைசியில் எய்விந்தின் ஆடுகளுக்குப் போட்டோம்.
ஆடுகளும் யோசித்துத்தான் தின்றன.

இந்த வருடம் அவன் மேடையில் இருக்கிறான்.
அங்கே மூடுபனி, மாற்று ஆள் வரவில்லை,
இன்னும் எட்டு நாள் என்கிறான்.
பழுத்துவிட்டதா, என்கிறான் அதே மூச்சில்.

சிவந்துவிட்டது, என்றேன்.
சிவப்பு ஒன்றுமில்லை.
அது வெயில் பூசிவிட்டுப் போவது,
ஆகஸ்டிலேயே பூசிவிடும்.
பார்க்கவேண்டியது அடியில் இருக்கும் பச்சையை,
காம்புக்குழியைச் சுற்றி,
அது வெண்ணெய் நிறத்துக்கு இறங்குவதை.
தினமும் பார்த்தால் அதுவும் தெரியாது.
நான் படகில் கார்களை வரிசையில் நிறுத்துகிறவள்;
மூன்று நாள் வேலை முடிந்து வந்து நின்றபோது
தெரிந்தது.

முதலில் விழுந்தவை புழுத்தவை.
அவை கணக்கில் இல்லை.
பிறகொரு ராத்திரி, காற்றே இல்லை,
ஃபியோர்டில் ஒரு சுருக்கம்கூட இல்லை,
தொப்.
படுக்கையில் கிடந்து காத்திருந்தேன்.
தொப்.
விடிந்ததும் பொறுக்கிப் பார்த்தேன்:
இரண்டிலும் ஒரு துளை இல்லை.

உள்ளங்கையில் ஒன்றை ஏந்தி
மெல்ல மேலே தூக்கினேன்.
இழுக்கவில்லை.
இழுத்தால் எதுவும்தான் வரும்.
காம்பு கிளையை விட்டது,
கடைசிப் படகிலிருந்து இறங்குகிறவர்
கைப்பிடியை விடுவதுபோல.

ஒரு சோறு பதம் என்பது பானைக்குச் சரி.
பானைக்கு அடியெங்கும் ஒரே நெருப்பு.
மரத்துக்கு அப்படியில்லை.
நீர் பார்த்த பக்கத்துக்கு இரண்டு வெயில்,
ஒன்று நேராக, ஒன்று ஃபியோர்டில் பட்டுத் திரும்பி.
மலை பார்த்த பக்கம்
மதியத்துக்குப் பிறகு நிழலில் நிற்கும்.

அதனால் இரண்டு பறித்தேன், பக்கத்துக்கு ஒன்று.
குறுக்கே வெட்டி,
சிக்வேயின் முதலுதவிப் பெட்டியிலிருந்த அயோடினைத்
தடவிவிட்டுக் காப்பி போட்டேன்.

திரும்பி வந்தால்
நீர்ப்பக்கத்துக் காயின் நடுவில்
வெள்ளையாக ஒரு நட்சத்திரம்,
தோலோரம் மட்டும் கொஞ்சம் நீலம்.
மலைப்பக்கத்தது முழுக்க இருட்டு.
மாவு இன்னும் மாவாகவே இருக்கிறது.
ஒரே வேர். ஒரே மழை.
ஒன்றுக்கு விடிந்துவிட்டது,
ஒன்றுக்கு இல்லை.

வியாழன் மாலை ஏணியைத் தனியாகத் தூக்கினேன்.
முடிகிறது.
கால் ஒருமுறை வழுக்கியது,
அதை யாருக்கும் சொல்லப்போவதில்லை.
நீர்ப்பக்கம் முழுவதும் பறித்தேன்,
மூன்று பெட்டி,
காம்போடு, ஒன்றையொன்று இடிக்காமல்.
மலைப்பக்கத்தைத் தொடவில்லை.

இரவு படம் அனுப்பினேன்.
பாதி மரம் காலி, பாதி மரம் விளக்கெரிகிறது.
உடனே அழைத்தான்.
குரலுக்குப் பின்னால் ஏதோ எந்திரம்.

எனக்காக விட்டுவைத்தாயா, என்றான்.

இல்லை சிக்வே, அது காய்,
என்று சொல்ல வாய் திறந்தேன்.
எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.
அவன் மூச்சு கேட்டது.

எட்டு நாளில் வா, என்றேன்.
விதையைப் பார்த்துவிட்டுப் பறிப்போம்.