ஏழு மூக்குக் கண்ணாடிகள்

மஸ்ஜித் பந்தரில் இறங்கி
வெங்காய மூட்டைகளுக்கு வழிவிட்டு
மூன்றாம் மாடி ஏறினேன்.
அறக்கட்டளையின் பழைய கணக்கைச் சரிபார்க்கும் வேலை.
தினப்படி நூற்றைம்பது, சாப்பாடு நம் பாடு.

பொருளாளர் ஷிம்ஷோன் தல்கர்
ஒரே ஒரு பேரேட்டை எடுத்து வைத்தார்.
முன்னட்டையைத் திறந்தால் மராத்தியில் வரவு செலவு.
பின்னட்டையைத் திறந்தால் ஹீப்ரு பாடம், பென்சிலில்.

புதன் இரவு ஏழரைக்கு வகுப்பு,
பெரியவர்களுக்கு மட்டும்.
பரேல் ரயில்வே பட்டறை ஃபிட்டர்கள் இருவர்,
துறைமுகக் குமாஸ்தா ஹன்னோக் பெண்கர்,
பிரசவ வார்டு நர்ஸ் கெத்தூராபாய், இன்னும் சிலர்.
சனிக்கிழமை அடுப்பு மூட்டாத வீடுகளில் பிறந்து
ஏன் மூட்டவில்லை என்று
நாற்பது வயதில் கேட்க வந்தவர்கள்.

சுண்ணக்கட்டி, ஆறணா.
தேநீர் பதினொன்று.
தேநீர் பத்து: கெத்தூராபாய்க்கு இரவுப் பணி.
அடுத்த வரியில் என் பேனா நின்றது.
மூக்குக் கண்ணாடி ஏழு, ரூபாய் எண்பத்து நான்கு.
ரசீது இல்லை.

"எழுத்து தெரிந்தது, புள்ளி தெரியவில்லை" என்றார் தல்கர்.
எழுத்தின் காலடியில் கடுகைவிடச் சிறிய புள்ளிகள்.
அ என்றோ இ என்றோ
அவை சொன்னால்தான் வாய் திறக்கும்.
நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு
அத்தனையும் ஈ எச்சம்.

என் மொழி மெய்யின் தலையில் புள்ளி வைத்து
அதன் வாயை மூடும்.
இவர்கள் மொழியில் புள்ளிதான் உயிர்.
இதைச் சொல்ல என் இந்தி போதவில்லை.
தணிக்கைக் குறிப்பில் எழுதினேன்:
செலவு ஏற்கத்தக்கது.

பக்கம் புரளப் புரள
பெயருக்கு நேரே ஒரே சொல்: போயாச்சு.
பெயெர்செபா, லோத், அஸ்தோத்.
விமானம் ஏறியவர்கள் மூக்கோடு
கண்ணாடியும் ஏறியது.
பெண்கர் மட்டும் திருப்பிக் கொடுத்திருக்கிறார்,
ஒரு கால் உடைந்தது.

"ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டும்.
படிக்க இரண்டு பேர் போதும்."
கடைசி நான்கு வருடம்
தேநீர் இரண்டு, தேநீர் இரண்டு.

பேரேட்டின் நடுவே
இடமிருந்து வந்த மராத்தியும்
வலமிருந்து வந்த ஹீப்ருவும்
ஒரே தாளில் முட்டிக்கொண்டன.
மேலே, மின்கட்டணம் பாக்கி.
கீழே தனியாக ஒரு சொல்,
புள்ளிகளை அழுத்தி அழுத்தி வைத்தது.

"இது யார்?"
"நான்தான். வகுப்பு நின்றதற்கு அடுத்த புதன்.
சாவி என்னிடம் இருந்தது."

"அன்றைய தேநீர் கணக்கில் வரவில்லையே?"

"அது சொந்தக் காசு."