ஒன்பது வினாடி

மண்டபம் என் சன்னலுக்கு நேர் எதிரே.
நடுவில் ஜெலுத்தோங் சாலை மட்டும்.
அங்கே நாற்காலி இழுபடும் சத்தம்கூட
ஏழாவது மாடிவரை ஏறி வரும்.
நான்தான் இறங்கிப் போவதில்லை.

பச்சை மனிதன் ஒன்பது வினாடி நடப்பான்,
கடைசி மூன்றில் ஓடத் தொடங்கிவிடுவான்.
எனக்கு இருபத்து மூன்று வேண்டும்.
மழை பெய்த நாளில் இருபத்தெட்டு.
எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்,
எண்ணுவது என் பழைய தொழில்.
பாயான் லெப்பாஸ் ஆலையில்
நுண்ணோக்கிக்குள் கண்ணை வைத்து
முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச்
சில்லுக்குச் சில்லு ஒட்டினேன், இருபத்தாறு வருடம்.
ஒரு சில்லுக்குப் பதினோரு வினாடி.
பின்னால் கடிகாரம் பிடித்து நின்றவர்
ஒன்பதாக்கலாமே என்றார்.
ஆக்கினேன்.

அதே ஒன்பதுதான்
இப்போது சாலையோரம் கம்பத்தில் நிற்கிறது.

மேம்பாலம் இருக்கிறதே என்பார்கள்.
இருக்கிறது. ஏற நாற்பத்தாறு படி, இறங்க நாற்பத்தாறு.
உச்சியில் ஒரு பதாகை: மூத்தோரை மதிப்போம்.
அதைக் கிட்டே போய்ப் படித்த மூத்தோர்
எனக்குத் தெரிந்து யாருமில்லை.

சங்கச் செயலாளர் தினேஷ்வரன் நல்ல பையன்.
அழைப்பை வாட்சாப்பில் போடுவான்,
பெயர் பதியக் கட்டம் கட்டமாய் ஒரு படத்தோடு.
போனுக்குள் வந்த படத்தை
எந்தப் போனால் பிடிப்பது?
கேட்டேன்.
"சிரமப்படாதீங்க ஆன்ட்டி, ரெஸ்ட் எடுங்க."
இவ்வளவு மெதுவாய்ச் சாத்தும் கதவை
நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கீழே கோப்பிக் கடையில் சூ கியாம் சொன்னாள்:
மண்டபத்துக் கழிவறை எப்போதும் பூட்டு,
சாவி தலைவர் வீட்டில்.
ரொக்கியாவுக்கு நாற்காலி.
கையில்லாத பிளாஸ்டிக் நாற்காலி,
உட்கார்ந்துவிடலாம், எழுவதற்கு ஆள் தேட வேண்டும்.
சின்னப்பன் ஒன்றும் சொல்லவில்லை. காது.
நாங்கள் சிரித்ததைப் பார்த்துத் தானும் சிரித்தார்.

யார் தொடங்கியது என்று நினைவில்லை.
தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் வரும்போது
சாலை எத்தனை வினாடி நிற்கிறது?
ரதத்தைப் பார்த்து யாராவது ஹாரன் அடிப்பார்களா?

ஞாயிறு, மாலை நாலரை.
சின்னப்பன் பழைய அட்டை சேர்க்கும் தள்ளுவண்டி.
அதன்மேல் ரொக்கியா வீட்டுக் கைவைத்த நாற்காலி.
நாற்காலியில் அமர்ந்திருந்தது
சூ கியாமின் பிஸ்கட் டின்.

பச்சை விழுந்தது, இறங்கினோம்.
ஒன்பது முடிந்தபோது பாதிச் சாலைகூட ஆகவில்லை.
சிவப்பு மனிதன் விறைத்து நின்றான்.
ஒரு லோரி அடித்த ஹாரனில் என் முட்டி நடுங்கியது.
சின்னப்பனுக்குக் கேட்கவில்லை.
வண்டியைத் தள்ளியது அவர்தான்,
அதனால் வண்டி நிற்கவில்லை.

முப்பத்தொன்று.

கூட்டத்தில் மண்டபத்துக்கு என்ன சாயம் அடிப்பதென்று
ஒரு மணி நேரம் பேசினார்கள்.
சாலை விளக்கு ஏழாவது பொருள்.
ஐந்தாவதில் நேரம் முடிந்தது.
கழிவறைச் சாவி மட்டும் கிடைத்தது:
சூ கியாம் தலைவர் முன்னால் கையை நீட்டி
அவர் கொடுக்கும்வரை மடக்கவில்லை.
இப்போது அது அவள் பையில், மருந்துச் சீட்டோடு.
ரொக்கியா நாற்காலியை அங்கேயே விட்டுவந்தாள்.
அடுத்த மாதம் உட்கார வேண்டுமாம்.

இருட்டும்முன் திரும்ப வேண்டும்.
தினேஷ்வரன் பின்னாலேயே ஓடிவந்தான்,
"ஆன்ட்டி, கையைப் பிடிச்சுக்குங்க."
கை வேண்டாம்.
கூட்டக் குறிப்பில் எழுத ஓர் எண் வேண்டும்,
கூட வந்து நீ எண்ணு என்றேன்.

சத்தமாகத்தான் தொடங்கினான்.
பத்துக்குமேல்
அவன் குரல் மாறியது.