முப்பது நொடி வெறும் அறை

ஃபேனை அணைத்தால்தான் பாட்டு.
ஆகவே பெரம்பூரில், ஏப்ரலில்,
பீரோக் கதவு இரண்டையும் விரியத் திறந்து
புடவைகளுக்குள் முகத்தை நுழைத்து
வியர்த்துக்கொண்டே பாடுகிறேன்.
பட்டு குரலைத் திருப்பி அடிக்கிறது, பருத்தி விழுங்குகிறது.
பட்டு இரண்டும் இப்போது கட்டிலுக்கு அடியில்.

மைக் ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கியது.
"யூடியூப்ல சமையலா மேடம்?" என்றார் கடைக்காரர்.
ஆமாம் என்றேன்.
ஐம்பது ரூபாய் குறைத்தார்.

கிட்டார் நான். கீபோர்டு நான்.
தண்ணீர் வராத நாளின் காலிக் குடம்தான் தாளம்,
தட்டுவதும் நான்.
மூன்று குரலாகப் பிரிந்து பாடினால்
மூன்றாமவள் மட்டும் எப்போதும் சற்றுப் பிந்துகிறாள்.
பகல் முழுக்க மருந்துக்கடை பில்லிங்கில்
நின்றவள் அவள்தான் போல.

இரவு ஒன்றிலிருந்து மூன்று வரை என்னுடையது.
அதற்கு முன்னால் மாடிவீட்டு டெய்சி அக்காவின் டிவி,
அப்புறம் தண்ணீர் லாரி.
நடுவில் ஒரு கூட்ஸ் வண்டி உண்டு,
லோகோ ஒர்க்ஸ் பக்கம் அது கூவினால்
அந்த டேக் போச்சு.
நான்காம் பாட்டின் சரணம் பதினேழு முறை.
பதினாறாவதுதான் சரியாக வந்தது.
அதில் நாய்.

இரைச்சலை நீக்கும் மென்பொருளுக்கு
இரைச்சல் எதுவென்று முதலில் நாம் காட்ட வேண்டும்.
யாரும் பாடாத வெறும் அறையை
முப்பது நொடி கொடு என்கிறது.
கொடுத்தேன்,
குடத்தை மடியில் வைத்து மூச்சைப் பிடித்தபடி.

ஃபிரிட்ஜ், டியூப்லைட், பல்லி
எல்லாவற்றையும் கற்றுக்கொண்டது.
ஒரு பொத்தான்.
ஹெட்ஃபோனில் இதுவரை கேட்டிராத சுத்தம்.
கறுப்புத் துணியில் குத்திவைத்த ஊசி மாதிரி
என் குரல் மட்டும்.

பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் இடைவெளியில்
என்னவோ இல்லை.
எதுவென்று தெரிவதற்குள் எழுந்துவிட்டேன்.
வயர் லேப்டாப்பை இழுக்க,
குடம் உருண்டு சுவரில் மோத,
அடுத்த அறையில்
ரூபன் குப்புறப் படுத்திருந்தான்.
அந்த வீசிங்,
ஓட்டை விழுந்த ஊதல்,
இருந்தது.

ஏழு வருஷமாக எந்தத் தூக்கத்திலும்
ஒரு காதை அதற்கென்று திறந்து வைத்திருப்பவள்
அதையும் சேர்த்துக் காட்டியிருக்கிறேன்,
இரைச்சல் என்று.

இன்ஹேலர். இரண்டு இழுப்பு.
"குடம் ஏம்மா உருண்டுச்சு?"
கண்ணைத் திறக்கவில்லை அவன்.
"தாளம் தப்பிடுச்சு. படு."

செய்ததைச் செய்யாததாக்கவும் ஒரு பொத்தான் இருக்கிறது.
பல்லி திரும்பி வந்தது.
ஃபிரிட்ஜ் வந்தது. நாய் எங்கும் போயிருக்கவில்லை.
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து
மெல்ல, ஒழுங்கில்லாமல்,
அதுவும்.

மூன்றே காலுக்கு லாரி.
குடத்தோடு இறங்கினேன்.
எனக்கு முன்னால் பதினோரு குடம் வரிசையில்.
யாருடையதோ ஒரு நீலம்,
விரல் முட்டியால் லேசாகத் தட்டிப் பார்த்தேன்.
என்னுடையதைவிட அரைக் கட்டை கீழே.
ஆறாம் பாட்டுக்கு ஆகும்.