படத்தின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல்

இரவு ஒன்பதரைக்குமேல்தான்
கொப்பிகள் வந்துசேரும், படங்களாக.
வேலை முடிந்து, ரொட்டி சுட்டு,
டோர்ச்சோடு யாரோ ஒருவர்
சிக்னல் தொடும் வளைவுவரை நடந்தபின்.
சில தலைகீழாக. சில பாதி நிழலாக.
ஒன்றில் கணக்கைவிட ரொட்டிதான் தெளிவு.

தரம் ஆறு, பின்னங்கள்.
நான் மஸ்கெலியாவில், வாடகை வீட்டுத்
தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில்
குடையோடு உட்கார்ந்து திருத்துகிறேன்.
அங்கேதான் இரண்டு கோடு.
மழை பெலத்தால் ஒன்று.

எல்லாப் படத்தின் ஓரத்திலும்
தாளைப் பிடித்திருக்கும் ஒரு கட்டைவிரல்.
பிள்ளையின் விரல் இல்லை அது.
கொழுந்துக் கறை வெடிப்புக்குள் இறங்கிக்
கறுத்த விரல்.
இஸ்தோப்புக் காற்று தாளைத் தூக்காதபடி
அழுத்திய அழுத்தத்தில்
நகம் மட்டும் வெளுத்திருக்கும்.

முதலில் எனக்கு எரிச்சல்.
மூன்றாம் கணக்கின் விடையை
அது மறைத்திருந்தது.
'விரலை எடுத்துட்டு அனுப்புங்க' என்று
குரல் பதிவு போட்டேன்.
மறுநாள் விரல் இல்லை.
தாளின் நாலு மூலையிலும்
நாலு கூழாங்கல்.

வியாழன் இரண்டு மணி வகுப்பில்
அரை என்றால் என்ன, சொல்லுங்கள் என்றேன்.
பாதி ரொட்டி. பாதித் தோடம்பழம். அரைக்கிலோ சீனி.
எங்கோ ஒரு சேவல்.
அந்தச் சேவலை மியூட் பண்ணு மகன்.
மேல் டிவிசன் கவிநயா மட்டும்
'அரைப்பேர், மிஸ்' என்றாள்.

வெளக்கமா சொல்லு.

'வகுப்புன்னா அம்மா போனோட
ஒம்பதாம் நம்பர் மலை உச்சிக்கு
என்னயக் கூட்டிட்டு வரணும் மிஸ்.
இங்க வந்தா கொழுந்து கொறையும்.
கொறைஞ்சா கங்காணி
அரைப்பேர்தான் போடுவாரு.
அதான் அரை.'

சரியான விடை.
சரி என்று சொல்லத்தான்
எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.
காற்றுக்குள்ளிருந்து அவள் அம்மா:
'அதெல்லாம் மிஸ்ஸுக்கிட்ட எதுக்குடி?'

எத்தனை வியாழன் என்று
அன்றிரவு எண்ணினேன். பதினொன்று.
பதினொரு அரை, ஐந்தரைப் பேர்.
மாதச் சம்பளக்காரி நான்.
என் பின்னங்களுக்கு
யாரோ கூலி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு மணி வகுப்பை நிறுத்தினேன்.
பாடத்தைச் சின்னச் சின்னக் குரல்களாய் உடைத்து
விடியுமுன்னே அனுப்பிவைத்தேன்,
பிரட்டுக்குப் போகும் வழியில்
அந்த வளைவில் தானாக இறங்கட்டும் என்று.
கவிநயாவின் அம்மா
கொழுந்துக்கூடையோடு என்னையும் சுமந்தாராம்.
பக்கத்து நிரையில் நின்றவர்களும் கேட்டார்களாம்,
பகுதி, தொகுதி, பகுதி, தொகுதி.
ஒருநாள் தெரியாத எண்ணிலிருந்து
மூச்சு வாங்கும் ஒரு குரல்:
'மிஸ், நாலுல மூணுன்னீங்களே,
மூணு மேலயா கீழயா?
ராவைக்குப் புள்ள கேட்டா சொல்லணும்.'
மேலே, என்று அனுப்பினேன்.
கொஞ்சம் கழித்து, ஏனோ,
நன்றி என்றும் அனுப்பினேன்.
அதற்கு ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது.

பள்ளிக்கூடம் திறந்த மாதம்
தேர்ச்சி அறிக்கைக்குக் கையொப்பமிட
பெற்றோர் வந்தார்கள்.
எல்லோருக்கும் முகக்கவசம்.
யார் யாருடைய அம்மா என்று தெரியாமல்
பெயர் கேட்டுக் கேட்டு எனக்கு வெட்கம்.
உடைந்த ஜன்னலால் மூடுபனியும் காற்றும்.
தாள் படபடத்தது.
ஒரு கட்டைவிரல் அதை அழுத்தியது.
நகம் மட்டும் வெளுத்தது.

'கவிநயா அம்மா' என்றேன்.
'எப்பிடி மிஸ் தெரியும்?
என்னய நீங்க பார்த்ததே இல்லியே.'

பவளராணி. ஐந்து எழுத்து.
ஒவ்வொன்றாய், மெதுவாக எழுதினார்.
தாளின் மற்ற ஓரத்தை
நான் பிடித்துக்கொண்டேன்.