பூஜ்ஜிய முனை

மாரண்டஅள்ளிக்கு மேற்கே
பாதி ஊர்ப் பெயர்கள் கொட்டாய் என்றே முடிகின்றன.
யாரோ ஒருவர் மாட்டுக்கும் தவசத்துக்கும் போட்ட கூரை
பஸ் நிறுத்தமாகி, ஓட்டுச்சாவடியாகி,
பின்கோடும் வாங்கிவிட்டது.
முதல் கொட்டாய் எது என்று கேட்டால்
முள்வேலிக்குப் பின்னால் கை காட்டுகிறார்கள்.

அதை அளக்கத்தான் வந்திருக்கிறேன்.
நூறு வருடம் தாண்டியவை மட்டும்.
படிவத்தில் இருபத்திரண்டு கட்டங்கள்,
கடைசியில் நிலை: நன்று, சுமார், இடிபாடு.
டேப் பிடிக்க, நாள் கூலிக்கு மாது.

முப்பத்தாறு முடிந்தது.
ஒன்றில் டிராக்டர் தூங்கியது.
ஒன்றில் பட்டுப்புழு வளர்த்தார்கள்.
இலை தின்னும் சத்தம் தூறல் மாதிரி விழ,
ஏனோ குரலைத் தாழ்த்தியே அளவு சொன்னேன்.

முப்பத்தேழு, தீர்த்தகிரி வீட்டுத் தவசக் கொட்டாய்.
கருங்கல் கால்கள். ஒன்றேமுக்கால் அடி மண்சுவர்.
தாழ்ப்பாள் என் முழங்கை நீளம்.
"மோர் குடிங்க மேடம்" என்றவர்
மாதுவைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:
"அவன் வெளியவே நிக்கட்டும். பழக்கம் அப்படி."
மாதுவுக்கு ஐம்பத்தெட்டு வயது.
டேப்பின் நுனியை விரலில் சுற்றியபடி
புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வீரமாக எதுவும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
வாயில் வந்தது இவ்வளவுதான்:
"டேப்புக்கு ரெண்டு முனைங்க.
இன்னொண்ண நீங்க பிடிக்கிறீங்களா?"

தீர்த்தகிரி தன் வெள்ளை வேட்டியைப் பார்த்தார்.
உள்ளே ஒட்டடை, எலிப்புழுக்கை, வௌவால் வீச்சம்.
பிறகு அவருக்கு ஒரு ஃபோன் வந்தது,
அல்லது வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு நடந்தார்.

மாது செருப்பைக் கழற்றினார்.
நான் கழற்றவில்லை.

கடைசி மூலைவரை போய்
பூஜ்ஜியத்தைச் சுவரோடு அழுத்தி நின்றார்.
நாற்பத்தோரடி, மூன்றங்குலம்.
முப்பத்தாறு கொட்டாயிலும் டேப்பை
அவ்வளவு இறுக்கி அவர் பிடித்ததில்லை.
அரையங்குலம் கூடிவிட்டதோ என்று மறுபடி அளந்தேன்.
அதே அளவு.

தெற்குச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் மேலே
சதுரமாய் ஓர் ஓட்டை, கல் சரிவோடு.
பதினான்காம் கட்டம்: திறப்பு, அதன் பயன்.
காற்றோட்டம் என்று எழுதினேன்.

"காத்துக்கில்லீங்க" என்றார் மாது.
"கூலி கொட்டற ஓட்டை.
உள்ள வள்ளத்துல அளப்பாங்க, சரிவுல ராகி வரும்.
வெளிய துணி விரிச்சுப் பிடிக்கணும்.
நான் பிடிச்சிருக்கேன், ஏழெட்டு வயசுல.
அளக்கறது கண்ணுக்குத் தெரியாது.
சத்தத்த வெச்சு எண்ணுவோம்.
நாலு வள்ளம்னு சொல்லுவாங்க,
மூணேகாலுக்கு மேல கேக்காது."

குனிந்து, உள்ளிருந்து அந்த ஓட்டை வழியாகப் பார்த்தார்.
வெளியே, அவர் துணி விரித்த இடத்தில்
ஒரு கோழி நின்றிருந்தது.
"இந்தப் பக்கம் பெருசா இருக்குதே" என்றார்.
அளந்தோம்.
உள்ளே பதினோரங்குலம். வெளியே ஐந்தரை.

காற்றோட்டத்தை அடித்தேன்.
கட்டத்தில் இடம் போதவில்லை.
எழுத்தைச் சிறிதாக்கி, தாளைத் திருப்பி,
ஓரம் முழுக்க எழுதி
பதினைந்தாம் கட்டத்துக்குள்ளும் இறங்கினேன்.
அங்கே கரையான் பற்றிக் கேட்டிருந்தார்கள்.

தகவல் தந்தவர்: உரிமையாளர்
என்று முன்பே அச்சடித்திருந்தது.
அதையும் அடித்தேன்.
அப்பா பேர் கேட்டேன். சொன்னார். எழுதினேன்.
"எழுத்து சரியாங்க?" என்று காட்டினேன்.
கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார்.

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.
தீர்த்தகிரி இன்னும் ஃபோனில்தான் இருந்தார்.
டேப் சரசரவென்று சுருண்டு பெட்டிக்குள் போனது.

கடைசிக் கட்டத்தை ஜீப்பில்தான் நிரப்பினேன்.
சுவரில் விரிசல் இல்லை. உத்தரம் வளையவில்லை.
ஓடு நாலைந்துதான் மாற்ற வேண்டும்.
நிலை: நன்று.
இன்னும் நூறு வருடம் நிற்கும்.