ஒரே மாவு

அதிகாலை மூன்றே காலுக்கு லூயிஸ்டன் நகரில்
விழித்திருப்பவை இரண்டு கடைகள்.
இடப்பக்கம் பார்மெலி, எங்கள் ஊர்க்காரன்,
மெய்ன் மாநிலம் முழுக்க நாற்பத்தோரு கிளை.
வலப்பக்கம், நவம்பர் மாதம்
கரோலினாவிலிருந்து வந்திறங்கிய மக்னோலியா.
அதன் சன்னலில் ஒரு ரோஜாநிறக் குழல்விளக்கு.
அது எரிந்தால்
எண்ணெயிலிருந்து இப்போதுதான் எடுத்தது என்று பொருள்.

நான் மாவு லாரி ஓட்டுகிறவன்.
இருவருக்கும் நானேதான் இறக்கினேன்.
சுமக்கிற முதுகுக்குக் கட்சி கிடையாது.

திறப்பு நாளில் முழங்கால்வரை பனி.
ஆனாலும் வரிசை டயர்க்கடையைத் தாண்டி வளைந்து நின்றது.
சர்க்கரைப் பாகு உதட்டில் மெல்லிய கண்ணாடியாய் உடைய
உள்ளே வெறும் காற்று, வெதுவெதுப்பான காற்று.
ஒரு டஜன் தின்றுவிட்டு
"நான் சாப்பிட்டேனா இல்லையா?" என்று
மனைவியைக் கேட்டான் காகித ஆலை க்ளோவிஸ்.

இங்கே டோனட் என்றால்
உருளைக்கிழங்கு மசித்துச் சேர்த்தது.
கையில் கனக்க வேண்டும்.
காபியில் முக்கினால் முழுதாய்த் திரும்பி வர வேண்டும்.
மக்னோலியாவை முக்கினார்கள்.
போனது போனதுதான்.
கோப்பையின் அடியில்
வண்டலாய்ப் படுத்துக்கொண்டது.

அப்புறம் அந்த 'ரெகுலர்' தகராறு.
எங்கள் பக்கத்தில் ரெகுலர் என்றால்
க்ரீம் இரண்டு, சர்க்கரை இரண்டு, கேள்வி இல்லை.
தெற்கே பயிற்சி முடித்து வந்த பெண்
நடுத்தரக் கோப்பையில் கறுப்புக் காபியை நீட்டினாள்.
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற ஒனேசிம்
ஒரு மிடறு குடித்தான்,
மூடியை மறுபடி மூடினான்,
துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவன்போல்
சொல்லிக்கொள்ளாமல் வெளியேறினான்.

மேலாளர் வெர்லீன் டில்மன், ஸ்பார்டன்பர்க்காரி.
"எங்களூரில் யாரும் முக்குவதில்லை,
காருக்குப் போவதற்குள் தீர்ந்துவிடும்" என்றாள்,
என் ரசீதில் கையெழுத்துப் போட்டபடி.
தலைமையகத்துக்கு எழுதினாளாம்:
வெப்பமானி பூஜ்ஜியத்தில் நிற்கிறது,
இவர்கள் பனியில் நின்றுகொண்டு
பனிக்கட்டி போட்ட காபி கேட்கிறார்கள், என்ன செய்ய?
பதிலுக்கு ஒரு சுவரொட்டி வந்தது.
பீச் பழம், கோடைகாலம், சிரிக்கும் குடும்பம்.

பார்மெலி சும்மா இருப்பானா.
காபியில் பத்து சென்ட் குறைத்து
"எங்களுடையதில் நடுவில் மட்டும்தான் ஓட்டை"
என்று வாசலில் பலகை வைத்தான்.
ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாதது ஒன்று.
பிப்ரவரியில் ஒரு நாள்
பார்மெலியில் மூட்டை இறக்கும்போது
கடைசி மேசையில் வெர்லீன்.
சீருடை தெரியாமல் கோட்டைக் கழுத்துவரை பூட்டியிருந்தாள்.
கிழங்கு டோனட்டை முக்கினாள். எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள்.
முழுதாய்த்தான் இருந்தது.
பிறகு என்னைப் பார்த்தாள்.
நான் மூட்டைகளை எண்ணத் தொடங்கினேன்,
ஏற்கெனவே எண்ணி முடித்தவற்றை.

பதினாலு மாதம் தாக்குப்பிடித்தது மக்னோலியா.
கடைசி நாளில் பிரிக்காத மூட்டை பதினொன்று.
"எதிர்க்கடையில் எடுத்துக்கொள்வார்களா?"
அவளேதான் கேட்டாள்.
எடுத்துக்கொண்டார்கள், பாதி விலைக்கு.
தெருவைக் கடக்க நாற்பது அடி.
அதே ஆலை, அதே கோதுமை, சாக்கில் அதே நீல முத்திரை.
இத்தனை நாளும் இரண்டு பக்கமும்
அதைத்தானே இறக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் க்ளோவிஸ்
கடித்து, மென்று, கண்ணை மூடிச் சொன்னான்:
"இதுதான்யா நம்ம ருசி."

கட்டடம் இன்னும் வாடகைக்குப் போகவில்லை.
விளக்கைக் கழற்ற வரவேண்டிய ஆளும் வரவில்லை.
ஏதோ மின்கோளாறில்
சில இரவுகளில் அது தானாக எரிகிறது.
என் கால் பிரேக்கைத் தேடுகிறது.
நாற்பது வருஷக் கிழங்கு டோனட் நாக்கு,
வெட்கமே இல்லாமல்
எச்சில் ஊறுகிறது.