டி பிளொக், பதினேழு

அன்புள்ள உறுப்பினரே,
உங்கள் விசுவாசத்துக்கு நன்றி,
புதுப்பிக்க நாற்பத்தோராயிரம்.

விசுவாசம் என்ற சொல்லை
நான் கடைசியாகக் கேட்டது
கொட்டாஞ்சேனை மாதா கோயிலில்.
அங்கே உண்டியல் இருந்தது,
விலைப்பட்டியல் இருக்கவில்லை.

முதல் வருஷம் பன்னிரண்டாயிரம்.
அதற்கே சுகிர்தா நாலு நாள் பேசவில்லை.
அப்போது எங்கள் அணியில்
பந்து பிடிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான்.
தோற்றுத் தோற்றுத்தான் அந்தக் கதிரை
என் முதுகுக்குப் பழகியது.
நீலப் பிளாஸ்டிக், இடப்பக்கம் ஒரு கீறல்,
மேலே தகரத்தில் ஒரு ஓட்டை.
மழை வந்தால் சரியாக என் வலது முழங்காலில்.

பதினெட்டில் விமலசூரிய.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்.
நாலு வருஷமாக நாங்கள் பேசியதெல்லாம்
ஒரு ஓவருக்குள் முடிந்துவிடும்.
அவர் கடலை நீட்டுவார், நான் தண்ணீர்ப் போத்தல்.
விக்கெட் விழுந்தால் இருவரும் எழும்புவோம்,
எந்த மொழியில் கத்தினோம் என்று
ஒருநாளும் யோசித்ததில்லை.

இந்த வருஷம் பதினெட்டில்
இரவுக்கு ஒரு புது ஆள்.
ஒருநாள், முதுகை மைதானத்துக்குக் காட்டியபடி
படம் எடுத்தே ஆட்டத்தை முடித்த சோடி.
ஒருநாள் எதிரணிக் கொடி.
ஒருநாள் யாருமில்லை, கேட்ட விலைக்குப் போகவில்லைப்போலும்.
கதிரை மட்டும் வந்திருந்து ஆட்டம் பார்த்தது.
ஆமர் வீதிச் சந்தியில் அவரைக் கண்டேன்.
என் சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொன்னார்:
"மல்லி, கார்ட் காசையாவது எடுக்கவேணுமே."

நானும் விற்றுப் பார்க்காதவன் இல்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் ஸ்டொக் கணக்கு,
ஆட்டமும் கடைசி இடத்துக்கானது.
அரை விலைக்குப் போட்டேன். கால் விலைக்குப் போட்டேன்.
சும்மா தருகிறேன் என்றபோது ஒருவன் கேட்டான்,
வாகனம் நிறுத்த இடமும் சேர்த்தா?
அன்று வாசலில் முந்நூறு ரூபாய்க்கு டிக்கட் வாங்கியவன்
எனக்கு முன்வரிசையில் கால்நீட்டிக் கிடந்தானாம்.

கவுண்டரில் கேட்டேன். நல்ல பிள்ளை,
ஷெரீனா என்று பெயர்ப்பட்டி.
திரையைத் திருப்பிக் காட்டினாள்:
உறுப்பினர் சேமிப்பு ஏழு வீதம்.
எதிலிருந்து ஏழு வீதம் தங்கச்சி?
அதை அவளும் தேடினாள்.
உண்மையாகவே தேடினாள்.
கடைசியில் ஒரு தொப்பி தந்தாள்.

பிறகு, யாரும் எதிர்பாராமல், இறுதி ஆட்டத்தில் நாங்கள்.
தெஹிவளையிலிருந்து ஒருவன் முப்பத்தெட்டாயிரம் என்றான்.
ஐந்து நிமிஷத்தில் இன்னொருவன் நாற்பத்தைந்து.
மழை ஒழுகும் என்று உண்மையைச் சொன்னேன்.
"பரவாயில்லை அண்ணை."
சுகிர்தா ஒன்றும் சொல்லவில்லை.
மின்சார பில்லை மேசையில் வைத்து
பறக்காமல் இருக்க உப்புப் போத்தலையும் வைத்தாள்.

அன்றிரவு மாளிகாவத்தைத் தொடர்மாடி, நாலாம் தட்டு.
மைதானத்து வெளிச்சம் எங்கள் குசினிச் சுவர்வரை வரும்,
அதற்கு இன்னும் விலை போடவில்லை.
தொலைக்காட்சியில் பந்துவீச்சாளன் ஓடத் தொடங்கவில்லை,
ஜன்னலால் கூச்சல் வந்துவிட்டது.
எட்டு விநாடி பிந்தித்தான் படம் வருகிறது.
ஒவ்வொரு விக்கெட்டும் எனக்கு முன்பே தெரிந்தது,
ஒவ்வொரு விக்கெட்டையும் தவறவிட்டேன்.

பத்தொன்பதாம் ஓவரில் மழை.
மகன் கேட்டான்:
"ஏனப்பா முழங்காலைத் துடைக்கிறீங்க?"

மின்சாரம் போக இருபத்தாறு மிச்சம்.
கேட்பது நாற்பத்தொன்று.
வெள்ளிக்கிழமை கடைசித் திகதி.
விமலசூரியவுக்கு அழைத்தேன்,
அவரும் யோசிக்கிறாராம்.
பிறகு இரண்டு பக்கமும்
கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை.
அது எங்களுக்குப் பழக்கம்தான்.